இரண்டரை வினாடி

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. வேலை, பையனின் பரீட்சை, நடுவில் ஊருக்கு ஒரு நடை... வழக்கமான சாக்குகள்தான். விஷயத்துக்கு வருவோம்.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 இறங்கியதைப் புனேயில் எங்கள் சொசைட்டி கிளப் ஹவுஸில் பெரிய திரை கட்டிப் பார்த்தோம். மராட்டிக்காரர், பீகாரி, மலையாளி, நாங்கள் மூணு தமிழ்க் குடும்பம், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினோம். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரம்காரர் என்று நான் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்தேன். (சும்மா இருக்க முடியுமா?) அப்போது என் பையன் கேட்டான்: "அப்பா, அந்தக் குட்டி வண்டியை பெங்களூர்ல உக்காந்து ரிமோட்ல ஓட்டுவாங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது சரியான பதில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. என் பிழைப்பும் அந்தக் கதையின் ஒரு ஓரத்தில்தான் ஓடுகிறது, தொழிற்சாலைகளில் தானாக ஓடும் தள்ளுவண்டிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன்.

முதலில் குளியலறைக்குப் போவோம். கீசர் ஒரு மூலையில், ஷவர் இன்னொரு மூலையில், நடுவில் நீளமான குழாய். குழாயைத் திறக்கிறீர்கள், சில்லென்று வருகிறது. இன்னும் திருப்புகிறீர்கள். அப்போதும் சில்லென்றுதான். மேலும் திருப்புகிறீர்கள். திடீரென்று கொதிக்கக் கொதிக்கக் கொட்டுகிறது. அலறிக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பினால், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பச்சைத் தண்ணீர். உங்கள் கையிலும் தப்பில்லை, கீசரிலும் தப்பில்லை. நீங்கள் செய்ததன் பலன் உங்களுக்குத் தாமதமாகத் தெரிகிறது, அவ்வளவுதான். கட்டுப்பாட்டுப் பொறியியலில் பாதித் தலைவலி இந்தக் குழாயில் இருக்கிறது.

நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரேடியோ அலை வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். அங்கிருந்து படம் வர ஒன்றேகால் வினாடிக்குக் கொஞ்சம் மேல், இங்கிருந்து கட்டளை போக அதே அளவு. மொத்தம் இரண்டரை வினாடி. கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும்.

அது ஒன்றுமில்லாதது இல்லை என்று காட்டியவர் ஜேம்ஸ் ஆடம்ஸ். 1960-61ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் ஆராய்ச்சி மாணவர். நாலு சின்ன சைக்கிள் சக்கரம், மின்மோட்டார், கார் பேட்டரி, முன்னால் பார்த்தபடி ஒரு டிவி கேமரா, நீளமான கேபிள். இதுதான் வண்டி. ஓட்டுபவர் வண்டியைப் பார்க்கக் கூடாது, டிவியை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். நடுவில் ஆடம்ஸ் வேண்டுமென்றே அந்த இரண்டரை வினாடித் தாமதத்தைப் புகுத்தினார்.

குளியலறைக் கதையேதான். இடப்பக்கம் ஒதுங்குகிறதே என்று வலப்பக்கம் திருப்பினால் ஒன்றும் நடக்கவில்லை போலத் தெரியும். இன்னும் திருப்புவார்கள். படம் மாறும்போது வண்டி வலப்பக்கம் எங்கேயோ போயிருக்கும். ஆடம்ஸ் கண்ட முடிவு: நிலாத் தாமதம் இருந்தால், மணிக்கு சுமார் 0.3 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நம்பி ஓட்ட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள், வினாடிக்கு எட்டு சென்டிமீட்டர் சொச்சம். தாமத நேரத்தில் வண்டி ஒரு சாண் அளவு நகரும். அந்த ஒரு சாணைத்தான் மனிதனால் மனக்கணக்கில் சமாளிக்க முடிகிறது. நாம் நடக்கிற வேகத்தில் ஓட்டினால் மூன்றரை மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு போன மாதிரி.

அந்த சமயத்தில்தான் கென்னடி நிலாவுக்கு மனிதனையே அனுப்பப் போவதாக அறிவித்தார் (1961 மே). கடைசியில் 1971ல் அப்பல்லோ வண்டியை விண்வெளி வீரரே மேலே உட்கார்ந்து ஓட்டினார். தாமதப் பிரச்சினை தீர்ந்தது, டிரைவரையும் சேர்த்து அனுப்பினால் ஏது தாமதம்!

ஆனால் ரஷ்யர்கள் விடவில்லை. 1970 நவம்பர் 17ல் லூனோகோட்-1 நிலாவில் இறங்கியது. எட்டுச் சக்கரம், 756 கிலோ. கிரிமியாவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஐந்து பேர் கொண்ட குழு: தலைவர், ஓட்டுநர், வழிகாட்டி, பொறியாளர், ஆன்டெனாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர். நம் டிவி போல ஓடும் படம் கிடையாது, சில வினாடிகளுக்கு ஒரு அசையாப் படம்தான் வரும். அதாவது இரண்டரை வினாடியோடு அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படியும் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள். 1973ல் லூனோகோட்-2 சுமார் 39 கிலோமீட்டர்!

எப்படி முடிந்தது? ஓட்டுநர்களின் திறமை பாதி. மீதி, எனக்கு முக்கியமாகப் படுவது, வண்டிக்கே கொடுக்கப்பட்டிருந்த ஒரு சின்ன அதிகாரம். ஒரு அளவுக்கு மேல் சாய்ந்தால் பூமியைக் கேட்காமல் அது தானே நின்றுவிடும். போகும் முடிவு மனிதனுடையது, நிற்கும் முடிவு வண்டியுடையது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு கோடவுனில் எங்கள் தள்ளுவண்டிகள் சிலவற்றை ஓட விட்டிருந்தோம். வண்டியின் முன்னால் லேசர் இருக்கும், ஆள் குறுக்கே வந்தால் நின்றுவிடும். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் ஆபீஸ் அறையிலிருந்து ஜாய்ஸ்டிக்கில் ஓட்டிக் கொண்டுவரலாம். ராக்குக்குப் பக்கத்தில் போனாலே லேசர் நிறுத்திவிடுகிறது, இடைஞ்சல் என்று ஜாய்ஸ்டிக் ஓட்டத்தின்போது மட்டும் லேசரை அணைத்து வைக்க முடிவு செய்தோம். "ஓட்டறவருக்குக் கண்ணு இருக்கே." அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

ஒரு நாள் வைஃபை திணறிக்கொண்டிருந்தது. திரையில் படம் ஒரு வினாடியோ கொஞ்சம் கூடவோ பின்தங்கியிருக்கிறது. ஓட்டியவர் ஆளைப் பார்த்ததும் பட்டனை விட்டார், உடனே விட்டார், பாவம். ஆனால் அவர் பார்த்தது ஒரு வினாடிக்கு முந்தைய ஆளை. சுமை தூக்க வந்த ஒரிசாப் பையன் காலை இழுத்துக்கொண்டான். செருப்பு மட்டும் சக்கரத்தில் மாட்டியது. அவன் சிரித்துக்கொண்டே செருப்பை உருவி எடுத்துக்கொண்டு போனான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நானூறு கிலோ சுமை, ஒற்றை ரப்பர் செருப்பு. ஆடம்ஸ் 1961லேயே சொன்னதை நாங்கள் படிக்காமல் விட்டிருந்தோம். மறுவாரமே லேசரை எப்போதும் உயிரோடு வைத்து, ஜாய்ஸ்டிக் வேகத்தையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம்.

சரி, ஸ்டான்ஃபோர்டு வண்டிக்குத் திரும்புவோம். அது பின்னால் அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்குப் போய், முதலில் வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் தானாக ஓடக் கற்றது. அப்புறம் அதைப் பிடித்துக்கொண்டவர் ஹான்ஸ் மொராவெக். தூரத்தில் இருந்து ஓட்டுவது கஷ்டம் என்றால் வண்டியே பார்த்து, யோசித்து ஓடட்டுமே என்பது எண்ணம். 1973ல் ஒரு முறை கையால் ஓட்டும்போது சாய்தளத்திலிருந்து கவிழ்ந்து, பேட்டரி அமிலம் உள்ளே எல்லாம் கொட்டிவிட்டது. மனுஷர் விடவில்லை. 1979ல் நாற்காலிகள் போட்ட அறையை அந்த வண்டி தன்னந்தனியாகக் கடந்தது. கேமரா ஒரு தண்டவாளத்தில் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்பது படம் எடுக்கும், கணினி நாற்காலிகளின் தூரத்தைக் கணக்கிடும், வண்டி ஒரு மீட்டர் போகும், நிற்கும். ஒரு மீட்டருக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம். இருபது மீட்டர் அறைக்கு ஐந்து மணி நேரம்! வெளியே வெயிலில் விட்டால் இன்னும் வேடிக்கை, அது யோசித்து முடிப்பதற்குள் நிழல்களே நகர்ந்துவிடும். நகர்ந்த நிழலைப் பார்த்து வண்டி குழம்பும்.

இதற்கு நடுவில் எம்.ஐ.டி.யில் ஃபெரெல், ஷெரிடன் என்ற இருவர் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். தாமதம் இருந்தால் மனிதர்கள் தாமாகவே ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள்: கொஞ்சம் அசை, பொறு, பார், மறுபடி அசை. அப்படியானால் கணத்துக்குக் கணம் ஸ்டியரிங்கைப் பிடிப்பதை விட்டுவிட்டு, "அந்தக் கல் வரைக்கும் போ" என்று மட்டும் சொல்வோம், நடுவில் உள்ளதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். 1967ல் அவர்கள் எழுதிய இந்த மேற்பார்வைக் கட்டுப்பாடுதான் 1997ல் செவ்வாயில் சோஜர்னர் ஓடியதற்கு அடிப்படை. அங்கே தாமதம் நிமிஷக் கணக்கு, வேறு வழியும் கிடையாது.

இப்போது பையனின் கேள்விக்கு. பிரக்யான் 26 கிலோ, ஆறு சக்கரம், வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். ஆடம்ஸ் எல்லையைவிட எட்டு மடங்கு மெதுவாக! அது நேரே பூமியோடு பேசாது, விக்ரம் வழியாகத்தான். கேமரா படம் பூமிக்கு வரும், அதிலிருந்து மேடு பள்ள வரைபடம் போடுவார்கள், குழு உட்கார்ந்து பாதையை முடிவு செய்து கட்டளை அனுப்பும். அந்தக் கேமராவை வைத்து ஐந்து மீட்டர் வரைக்கும்தான் வரைபடம் போட முடியும், அதனால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஐந்து மீட்டர். ஒரு நகர்வுக்கும் அடுத்ததற்கும் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆனதாக வீரமுத்துவேல் அப்போது பேட்டியில் சொன்னார். ஆகஸ்ட் 27ல் மூன்று மீட்டர் முன்னால் நாலு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. வந்த வழியே திரும்பு என்று கட்டளை போனது, திரும்பியது. செப்டம்பர் 2ல் தூங்க வைக்கும்போது நூறு மீட்டருக்கு மேல் ஓடியிருந்தது.

சந்திரயான் சோதனைகளுக்காக பெங்களூரில் கொட்டி வைத்த செயற்கை நிலா மண் எங்கிருந்து போனது தெரியுமா? நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறை. நிலா மேட்டு நிலத்துப் பாறையும் அதே இனம்.

இதையெல்லாம் பையனிடம் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அப்ப யாரும் ஓட்டலையா?"

"ஓட்டறாங்கடா. அஞ்சு மீட்டருக்கு ஒரு தடவை."

"நடுவுல?"

"நடுவுல அதுவே பாத்துக்கணும்."

சரி என்று விளையாடப் போய்விட்டான். நான் லேப்டாப்பைத் திறந்து, கோடவுன் வண்டிகளில் லேசர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் படுத்தேன்.