பட்டினி கிடந்த ஊரும் விரட்டிய ஊரும்

போன மாசம் எங்க இரவுப் பாடசாலையில் அம்பேத்கர் வாழ்க்கையைப் பேசிக்கிட்டிருந்தோம். பிளஸ் டூ படிக்கிற தம்பி ஒருத்தன் எழுந்து கேட்டான்: "அண்ணே, கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு நியூயார்க்குலயும் லண்டன்லயும் இருந்தவரு. அங்க அவருக்கு என்னண்ணே கஷ்டம்?" எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கஷ்டம் இருந்தது. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913 ஜூலையில் நியூயார்க் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது 22. கொலம்பியா பல்கலைக்கழக விடுதிச் சாப்பாடு பிடிக்காமல் வேறு இடம் மாறினார். விட்ட படிப்பை முடிக்க 1920இல் லண்டன் போனபோது நிலைமை இன்னும் மோசம். சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் சாகு மகராஜ் செய்த உதவி, பார்சி நண்பர் ஒருவரிடம் வாங்கிய கடன், இவ்வளவுதான் கையிருப்பு. பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் காலையில் நுழைந்தால் மூடுகிற நேரத்துக்குத்தான் வெளியே வருவார். ராத்திரி பசி தாங்காமல் அப்பளத்தைச் சுட்டுத் தின்றுவிட்டுப் படித்தார் என்று வரலாற்றாசிரியர் தனஞ்செய் கீர் எழுதுகிறார்.

இது காசில்லாத கஷ்டம். இதை நம்ம ஜனங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் நாட்டைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. கொலம்பியாவுக்குப் பக்கத்திலேயேதான் ஹார்லெம் இருக்கிறது. தெற்கு மாநிலங்களின் நிறவெறிக்குத் தப்பிய கறுப்பின மக்கள் அந்த ஆண்டுகளில்தான் அங்கே வந்து குடியேறிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில், 1946இல், கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டவர் பாபாசாகேப்.

வெளிநாடு போகிறவர்கள் அந்த ஊர்க் கட்டடத்தையும் கடைத்தெருவையும் பார்த்து வந்து எழுதுவார்கள். இவர் அங்கே உட்கார்ந்து சொந்த நாட்டைப் பார்த்தார். 1916 மே மாதம் கொலம்பியாவின் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி என்று சொன்னபோது அவருக்கு வயது 25. தள்ளி நின்றால்தானே நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்?

இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில்தான் பரோடா வருகிறது. 1917இல் ஒப்பந்தப்படி மன்னரிடம் வேலை செய்யப் போனார். வெளிநாட்டில் இருந்த வருஷங்கள், தான் தீண்டப்படாதவன் என்ற நினைப்பையே துடைத்துவிட்டிருந்தன என்று அவரே எழுதியிருக்கிறார். பரோடா ஸ்டேஷனில் இறங்கியதும் அது திரும்ப வந்தது. எங்கே போவது? யார் இடம் தருவார்கள்?

பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து, தினம் ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் ஒரு டஜன் பார்சிகள் தடியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலிபண்ணச் சொன்னார்கள். இந்து நண்பரிடம் போனார். நீ வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பரிடம் போனார். மனைவி ஊரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி 9 மணி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார் கொலம்பியாவின் எம்.ஏ. பட்டதாரி.

கவனியுங்கள். லண்டன் போகக் கடன் கொடுத்தவர் பார்சி. தடி எடுத்து வந்தவர்களும் பார்சிகள். இந்துவுக்குத் தீண்டப்படாதவன் இந்த மண்ணில் மற்றவருக்கும் தீண்டப்படாதவனே என்பதுதான் அவர் அதில் கண்ட பாடம்.

நான் எம்.ஏ. தமிழ் படிக்க டவுனுக்கு வந்தபோது ஒரு வீட்டில் ரூம் கேட்டேன். அட்வான்ஸைக் கையில் வாங்கிக்கொண்டபின் வீட்டுக்காரர் கேட்டார்: "தம்பிக்கு எந்த ஊரு?" சொன்னேன். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னேன். பணம் திரும்பி வந்தது. அந்த ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன்.

1921-22இல் அவர் வாடகைக்கு இருந்த லண்டன் வீட்டை மகாராஷ்டிர அரசு 2015இல் விலைக்கு வாங்கி நினைவகமாக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் தம்பி, உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். லண்டனில் அவருக்குக் காசுதான் இல்லை. பரோடாவில் கையில் காசிருந்தும் படுக்க இடமில்லை. நாளைக்கு நீ டவுனில் ரூம் தேடும்போது இது உனக்கு விளங்கும். விளங்காமலே போகும்படி அன்றைக்கு ஊர் மாறியிருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த இரவுப் பாடசாலை.