நம்மட கதாநாயகிய எந்த ஊரில வைக்கிறது? கெய்ரோவிலயா, தஞ்சாவூரிலயா, திருகோணமலையிலயா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள், வீட்டில் எழுதுகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.

தமிழ்த்தினப் போட்டிக் காலம் வந்தால் பிள்ளைகள் சிறுகதை எழுதிக்கொண்டு வருவார்கள். இப்போது அவர்களுக்கு அதிகம் பிடித்தது மர்மக் கதை. துப்புத் துலக்குகிறவர் பெரும்பாலும் ஒரு பெண்பிள்ளை. இதில் எனக்கு நிறையச் சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளை துப்புத் துலக்குவது சென்னையில், இல்லாவிட்டால் லண்டனில். கப்பல்துறையிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு கொலைக்கும் களவுக்கும் இடமில்லை. ஏன் நம்மட ஊரில் வைக்கவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான்: "இஞ்ச என்ன டீச்சர் இருக்கு?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான். கதையை உண்மையான சரித்திரத்தில் வைப்பதா, கற்பனை ஊரில் வைப்பதா? இந்தக் கேள்விக்கு இலங்கைத் தமிழ் நாவலின் வயதுதான். நமக்கு முன்னால் இரண்டு பேர் இதற்கு முகம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் நம் சமூகத்தவர், மற்றவர் நம் மாவட்டத்தவர்.

முதலாமவர் கண்டியில் 1838இல் பிறந்த சட்டத்தரணி அறிஞர் மு.கா. சித்திலெப்பை. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். முஸ்லிம் பிள்ளைகளின், அதிலும் பெண்பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தவர். அவர் 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. கெய்ரோவில் ஒரு பெரிய குடும்பத்தில் பிறந்த குழந்தை களவாகக் கொண்டுபோகப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, தன் பிறப்பின் இரகசியத்தை அறிந்து திரும்புகிற கதை. அதன் முடிச்சு ஒரு மர்மக் கதையின் முடிச்சுத்தான்.

கண்டியில் இருந்தவர் ஏன் கெய்ரோவுக்குப் போனார்? அந்தக் காலத்தைப் பாருங்கள். 1882இல் ஆங்கிலேயர் எகிப்தைப் பிடித்தார்கள். அவர்களை எதிர்த்த அறபி பாஷாவை 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். கொழும்பு முஸ்லிம்கள் அவரைக் கண்ணால் கண்டார்கள். சித்திலெப்பையும் அவரோடு நெருங்கிப் பழகினார். அன்றைய வாசகருக்கு எகிப்து தூரத்து நாடாக இருந்தாலும் மனதுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே அவர் அந்த நாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்யவில்லை என்றே நினைக்கிறேன். வாசகர் ஏற்கெனவே கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஓர் இடத்தில் கதையை வைத்தார்.

இரண்டாமவர் நம்மட திருகோணமலையார், த. சரவணமுத்துப்பிள்ளை. சென்னையில் நூலகப் பணியில் இருந்தவர். 1895இல் அங்கே அவர் வெளியிட்ட 'மோகனாங்கி' தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். கல்கியின் 'பார்த்திபன் கனவு' வருவதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முந்தியது. தமிழில் சரித்திர நாவலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் இந்தத் துறைமுகத்து மனிதர். இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் எடுத்த களம் தஞ்சாவூரும் திருச்சிராப்பள்ளியும், நாயக்கர் காலம். மதுரையை ஆண்ட சொக்கநாத நாயக்கர் தஞ்சை விஜயராகவ நாயக்கரின் மகளைப் பெண் கேட்டதும், தஞ்சாவூர் மறுத்ததும், 1673இல் போர் வந்து தஞ்சை நாயக்கர் ஆட்சி முடிந்ததும் சரித்திரம். தோல்வி நெருங்கியபோது அந்தப்புரத்துப் பெண்கள் எதிரியின் கையில் அகப்படக் கூடாது என்று வெடிமருந்து வைத்து அழித்ததாகவும் அந்த வரலாறு சொல்கிறது. பெண் கேட்டவர் பெயர் தெரியும், மறுத்தவர் பெயர் தெரியும். கேட்கப்பட்ட பெண் பெரும்பாலும் 'மகள்' என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோகிறாள். சரவணமுத்துப்பிள்ளை தன் நாவலுக்கே ஒரு பெண்ணின் பெயரை வைத்தார். பின்னாளில் அதன் சுருக்கப் பதிப்பு வந்தபோது தலைப்பில் சொக்கநாதனின் பெயர் ஏறிவிட்டது. கதையில் வருகிற பெண் எவ்வளவு இலேசாக அட்டையை விட்டு இறங்கிவிடுகிறாள் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். நாகூர் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்தவர். ஆரம்ப வகுப்புகளோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. 1938இல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையரின் பாராட்டைப் பெற்ற நூல். அவர் நாகூர்த் தெருவில் கதையை வைக்கவில்லை, அரசரும் அரண்மனையும் உள்ள ஒரு கற்பனை நாட்டில் வைத்தார். ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதியதே பேச்சாக இருந்த காலம் அது. சொந்தத் தெருவில் வைத்திருந்தால் "இது ஆருட வீட்டுக் கதை?" என்ற கேள்விதான் முதலில் வந்திருக்கும். கற்பனை நாடு சில நேரம் எழுதுகிற பெண்ணுக்கு ஒரு மறைப்பு.

ஆக, தூர நாடு, தூரக் காலம், இல்லாத நாடு என்று மூன்று பேர் மூன்று வழி போனார்கள். மூன்றும் சரியான வழிதான். ஆனால் மூன்று பேரும் சொந்த ஊரை விட்டு வெளியே போனார்கள் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது நம்மட ஊருக்கு வருவோம். "இஞ்ச என்ன இருக்கு?"

சுவாமி மலைக்குப் போனவர்கள் அங்கே நிற்கிற பழைய தூணைக் கண்டிருப்பீர்கள். அது பழைய கோயிலின் தூண் என்று சொல்லப்படுகிறது. அதில் ஒல்லாந்த மொழியில் சிதைந்த ஓர் எழுத்து: பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் நினைவாக, 1687. வழிகாட்டிகள் சொல்கிற கதை எல்லோருக்கும் தெரியும். ஒல்லாந்த அதிகாரி ஒருவன் அவளைக் கைவிட்டுக் கப்பல் ஏறினான். கப்பல் மலையடியால் போகும்போது அவள் மேலிருந்து குதித்துவிட்டாள்.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் பெண் அன்றைக்குச் சாகவில்லை. 1687க்குப் பிறகும் அவர் உயிரோடு இருந்ததற்கு ஒல்லாந்தர் பதிவுகளிலேயே சான்று இருப்பதை ஆய்வாளர்கள் எப்போதோ எடுத்துக்காட்டிவிட்டார்கள். அவருடைய தகப்பன் மலையாளக் கரையின் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்ற பெருநூலைத் தொகுப்பித்த ஹென்ட்ரிக் வான் ரீட். கம்பனியின் பெரிய அதிகாரி. அவ்வளவு பெரிய மனிதரின் மகள் பெயர் நம் மலையில் ஏன் வெட்டப்பட்டது? சாகாத பெண்ணைச் சாகடித்த கதையை யார் முதலில் சொன்னது? கதாநாயகியோடு கூடிய மர்மம் நம் மலை உச்சியில் முந்நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறது. நாம் லண்டனில் தேடுகிறோம்.

பிரான்சினா கதை நமக்கு இன்னொரு பாடமும் சொல்கிறது. சொல்லச் சொல்லக் கட்டுக்கதை சரித்திரமாகிவிடும். அந்தப் பெண் வாழ்ந்த வாழ்க்கை மறந்துபோய், அவர் சாகாத சாவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு சுற்றுலாத் தலத்தில் இது சின்ன விசயம். ஆனால் நம் மாவட்டத்தில் சரித்திரம் பொழுதுபோக்கு இல்லை. ஒரு பழைய கல்லையும் ஒரு பழைய பெயரையும் வைத்து இந்தக் காணி யாருடையது, யார் முதலில் வந்தது என்று வாதாடுகிற இடத்தில் நாம் இருக்கிறோம். தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். இங்கே நாம் விளையாட்டாகக் கட்டி எழுதுகிற ஒரு கல்வெட்டை, பத்து வருடம் கழித்து யாரோ ஆதாரமாகத் தூக்கிக்கொண்டு வரலாம். ஆகவே இந்த மண்ணில் சரித்திரக் கதை எழுதுகிறவருக்குப் பொறுப்புக் கூட.

பிள்ளைகளுக்கு வகுப்பில் நான் சொல்வது இவ்வளவும்தான்.

1. சம்பவம் நூறு வருடத்துக்கு அப்பால் என்றால் உண்மையான ஊர், உண்மையான ஆண்டு வைக்கலாம். மனிதர்களை மட்டும் கற்பனை செய்யுங்கள். கல்வெட்டையும் காணி உறுதியையும் கட்டி எழுதாதீர்கள். கதை முடிந்த பிறகு எது நடந்தது, எது என் கற்பனை என்று நாலு வரி எழுதுங்கள்.

2. வாழ்கிற மனிதரின் ஞாபகத்துக்குள் வருகிற காலம் என்றால் ஊரையும் கற்பனை செய்யுங்கள். சின்ன ஊரில் 'ஒரு பெண் காணாமல் போனாள்' என்று எழுதினால் வாசிக்கிறவர் அடையாளம் தேடுவார். பெயரை மாற்றியும் பயனில்லை. மரத்தையும் சந்தியையும் வைத்தே வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பேச்சு வாங்குவது அந்த வீட்டுப் பெண்பிள்ளை.

3. யுத்த காலத்தைப் புதிராக்காதீர்கள். காணாமல் போன மகனை இன்னும் தேடுகிற தாய்மார் எல்லாச் சமூகத்திலும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். 2006இல் மூதூரிலிருந்து சனம் இடம்பெயர்ந்து நடந்ததை நேரில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விடை தெரியாத கேள்விக்கு, பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை விடை கண்டுபிடிக்கிற கதை ஆறுதல் தராது. அந்தக் காலத்தை எழுதலாம், எழுதத்தான் வேண்டும். ஆனால் அது வேறு வகைக் கதை. அதில் கடைசிப் பக்கத்தில் முடிச்சு அவிழாது.

4. அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளை எங்கே போகலாம், எங்கே போக முடியாது என்று முதலில் எழுதி வையுங்கள். இதைப் பிள்ளைகள் தடையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அதுதான் கதை. கல்யாண வீட்டு அறைக்குள்ளும் குசினிக்குள்ளும் மையித்து வீட்டில் பெண்கள் இருக்கிற பக்கத்துக்கும் எந்த விதானையும் எந்த இன்ஸ்பெக்டரும் போக முடியாது. நம்மட பிள்ளை போகலாம்.

இந்த நாலையும் வைத்து நம்மைச் சுற்றிப் பாருங்கள். களத்துக்குப் பஞ்சமே இல்லை.

1660இல் கொட்டியாரத்தில் ஒரு கப்பல் வந்து நிற்கிறது. கண்டி அரசனின் ஆட்கள் ரொபர்ட் நொக்ஸையும் அவன் தகப்பனையும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நொக்ஸ் தப்புவதற்கு 1679 ஆகிறது. 1681இல் அவன் புத்தகம் வருகிறது. வெள்ளைக்காரன் தன் பக்கத்தை எழுதிவிட்டான். அந்தக் கரையில் நின்று பார்த்த பெண் என்ன கண்டாள்?

1782ஐ எடுங்கள். ஜனவரியில் திருகோணமலை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போகிறது. ஓகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் அதைப் பிடிக்கிறார். செப்டெம்பர் 3இல் வெளிக்கடலில் சண்டை. ஒரே வருடத்தில் மூன்று கொடி. யாருடைய நாணயம் செல்லும், யாருடைய கடிதம் ஆபத்து என்று நாளுக்கு நாள் மாறுகிற ஊர். மர்மக் கதைக்கு இதைவிட நல்ல ஆண்டு எங்கே கிடைக்கும்?

அந்தக் கடிதத்தை அறபுத்தமிழில் எழுதிப் பாருங்கள். அறபு எழுத்தில் தமிழ். அறபில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளி போட்டுத் தனி எழுத்துச் செய்து நம் முன்னோர் எழுதியது. வெள்ளைக்காரத் துரைக்கு அது அறபு. அறபு மட்டும் தெரிந்தவருக்குப் பொருள் வராது. தமிழ் எழுத்து மட்டும் தெரிந்த எழுத்தருக்குக் கோடும் புள்ளியும்தான். ஓதப் போன பிள்ளை, மார்க்க நூல்களை அறபுத்தமிழில் வாசித்த பிள்ளை அதை வாய்விட்டு வாசிப்பாள். அந்த முழு ஊரிலும் துப்புத் துலக்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

1942 ஏப்ரல் 9. யப்பான் விமானங்கள் வருகின்றன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிகிறது. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' கப்பல் மூழ்குகிறது. இந்த 99 தாங்கிகளைப் பற்றி நாம் பத்திரிகையில் அரசியலாக வாசிக்கிறோம். அவற்றின் பக்கத்தில் குடியிருந்த பிள்ளை அந்தக் காலை என்ன கண்டாள் என்று யாரும் எழுதவில்லை. அதைக் கண்ட தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் தொண்ணூறு தாண்டியவர்கள்.

நம்மட காலத்துக்குக் கிட்ட வந்தால், 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை இரவு பாதை நின்றுபோனால் இந்தப் பக்கத்தவர் இந்தப் பக்கம், அந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம். மூடிய அறைக்குள் நடக்கிற கொலையை ஆங்கில எழுத்தாளர் கற்பனை செய்தார்கள். நமக்கு ஆறும் கடலும் சேர்ந்து ஒரு முழு ஊரையே மூடித் தந்தன. இதற்கு மட்டும் ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். பாதையைக் கற்பனைத் துறையொன்றில் ஓட விடுங்கள். நாட்கள் இன்னும் கிட்டத்தில் இருக்கின்றன.

கப்பல்துறை என்ற பெயரையே பாருங்கள். இன்றைக்கு பஸ்ஸில் இறங்குகிற ஊருக்குக் கப்பல் எங்கிருந்து வந்தது? விடை எதுவாகவும் இருக்கட்டும். கேள்வி கேட்கிற பிள்ளை கதாநாயகி ஆகிவிடுவாள்.

ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் மூத்தம்மாமாரிடம் பிள்ளைகளை உட்கார வையுங்கள். பாதையில் போன கதை, அவர்களுடைய உம்மா சொன்ன குண்டு விழுந்த கதை, அலுமாரிக்குள் கிடக்கிற அறபுத்தமிழ் ஏடு பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டதைக் கொப்பியில் திகதி போட்டு எழுதட்டும். யார் சொன்னது என்பதையும் எழுதட்டும். அறபுத்தமிழ் ஏடு வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதை எரிக்கவோ கடலில் விடவோ வேண்டாம். ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வாசிக்கத் தெரிந்த பெரியவர்களிடம் காட்டி வாசிப்போம்.

அடுத்த தமிழ்த்தினப் போட்டிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. இன்ஷா அல்லாஹ், இந்த முறை ஒரு பிள்ளையாவது லண்டனுக்குப் போகாமல் துப்புத் துலக்கட்டும்.

வஸ்ஸலாம்.