டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகள்

நாக்பூரில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் தாய்மார்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "வீட்டுல நல்லாத்தான் பேசுறான் சார், எழுத்துதான் ஒண்ணும் தெரியாது." இதே தாய்மார்களில் பலர் இப்போது பால்கனியில் தொட்டி வைத்துக் கீரை போடுகிறார்கள். காய்கறித் தோலை மக்க வைத்து உரமாக்குகிறார்கள். தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகள் வேலை. கேட்டால் "ஆர்கானிக்" என்கிறார்கள்.

எழுத்துத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள், வீட்டுக் கழிவில் வளரும் தோட்டம் ஆகிய இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்த வரலாறு ஒன்று உண்டு. அது நடந்தது தென்னாப்பிரிக்காவில், 1910 முதல் 1913 வரை.

டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் மீது சுமத்தப்பட்ட பதிவுச் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய போராட்டத்தில் ஆண்கள் அணியணியாகச் சிறைக்குப் போனார்கள். அவர்களுள் தமிழர் தொகை கணிசமானது. வீட்டில் இருக்கும் மனைவி மக்களுக்குச் சோறு போடுவது யார்? முதலில் மாதாமாதம் பணம் கொடுத்துப் பார்த்தார்கள்; நிதி தாங்கவில்லை. அப்போதுதான் காந்தியின் நண்பரான ஜெர்மானிய யூதக் கட்டடக் கலைஞர் ஹெர்மன் காலன்பாக், தாம் வாங்கிய 1,100 ஏக்கர் நிலத்தை 1910 மே 30 முதல் வாடகையில்லாமல் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல் தூரம். லாலி ரயில் நிலையம் ஒரு மைல். இரண்டு கிணறு, ஒரு ஊற்று, ஏறத்தாழ ஆயிரம் பழமரங்கள், ஆறு பேர் தங்கக்கூடிய ஒரு சின்ன வீடு. அவ்வளவுதான். டால்ஸ்டாய் பண்ணை என்று பெயர் வைத்தார்கள்.

குடியேறியவர்களின் கணக்கைக் காந்தியே எழுதியிருக்கிறார்: இளைஞர்கள் சுமார் 40 பேர், வயதானவர் இரண்டு மூன்று பேர், பெண்கள் ஐந்து பேர், குழந்தைகள் இருபதிலிருந்து முப்பது. குஜராத்தி, தமிழர், தெலுங்கர், வடஇந்தியர். இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர், பார்சி எல்லோரும் ஒரே சமையலறையில் சைவச் சாப்பாடு சாப்பிட்டார்கள். வேலைக்காரர் கிடையாது. சமையலிலிருந்து கக்கூஸ் சுத்தம் வரை அவரவர் கையால்தான்.

பண்ணையில் எதுவும் வீணாகப் போகவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். பாத்திரம் கழுவிய நீர் மரங்களுக்குப் போயிற்று. எச்சில் மிச்சமும் காய்கறிக் கழிவும் எருவாயின. வீட்டருகே ஒன்றரை அடி ஆழத்தில் குழி வெட்டி, மலத்தை அதிலிட்டு, தோண்டிய மண்ணாலேயே மூடினார்கள். ஈ இல்லை, நாற்றமில்லை. குடிநீரை ஐந்நூறு கஜ தூரத்து ஊற்றிலிருந்து தோளில் காவடி கட்டித் தூக்கி வந்தார்கள். ஆல்பர்ட் ஹோவர்டு இந்தூர் முறைக் கம்போஸ்ட் பற்றிப் புத்தகம் போட்டது 1931இல். "ஆர்கானிக்" விவசாயம் என்ற சொல்வழக்கு வந்தது 1940இல் நார்த்போர்ன் பிரபு எழுதிய நூலால். இவர்கள் 1910இலேயே செய்ததற்குக் காரணம் பெரும்பாலும் சிக்கனம். அதை நாம் பெருமைக்காகத் தத்துவமாக்க வேண்டியதில்லை.

காலன்பாக்குக்குத் தோட்டவேலையில் பிரியம் அதிகம். பாம்பு நிறைந்த இடம் என்பதால் பாம்பு பற்றிய நூல்களை வாங்கிப் படித்தார். எல்லாப் பாம்பும் விஷமில்லை, சில பயிரைக் காப்பவை என்று பண்ணைவாசிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அகப்பட்ட பெரிய நாகம் ஒன்றைக் கூண்டில் வைத்துத் தம் கையாலேயே தீனி போட்டு வளர்த்தார். ஒருநாள் அது தப்பித்து ஓடிவிட்டது!

காலை முழுதும் பிள்ளைகளுக்குத் தோட்டத்திலும் வீட்டிலும் வேலை. குழி வெட்டுவது, மரம் வெட்டுவது, சுமை தூக்குவது. ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே எப்போதும் ஓர் ஆசிரியர் கூடவே மண்வெட்டியோடு நிற்பார். பிள்ளைகள் எல்லோரும் உத்தமர்களாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். சில நேரம் சாக்குச் சொல்லி ஏமாற்றுவார்கள் என்று காந்தியே ஒப்புக்கொள்கிறார்.

பாடம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். வேறு நேரம் கிடையாது. உழைத்த அலுப்பில் பிள்ளைகளும் தூங்கி வழிவார்கள், ஆசிரியரும் தூங்கி வழிவார். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொள்வார்களாம்.

அந்த வகுப்பில்தான் தமிழ் நடந்தது. தமிழ்ப் பையன்கள் எல்லோரும் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்கள். தமிழ் கொஞ்சம்தான் தெரியும், எழுத்து அறவே தெரியாது. அவர்களுக்கு அகர முதல் சொல்லிக் கொடுத்தவர் காந்தி! கப்பலிலும் சிறையிலும் ஜி. யு. போப்பின் தமிழ்க் கையேட்டைப் படித்துத் தாமே கற்ற தமிழ்தான் அவர் மூலதனம். பேச்சில் பையன்கள் அவரைத் தோற்கடித்துவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால் இந்தப் பையன்களே மொழிபெயர்த்தார்கள். ஆக, அவர்கள் எழுத்தை அவரிடம் வாங்கிக்கொண்டு பேச்சைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் வகுப்பில் ஒரு பையன் என் உச்சரிப்பைத் திருத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

இந்தப் படிப்பில் குறையே இல்லையா? இருந்தது. முறையான பள்ளிப் படிப்பு கிடைக்கவில்லை என்ற மனக்குறை காந்தியின் மூத்த மகன் ஹரிலாலுக்குக் கடைசிவரை இருந்தது. 1911இல் அவர் தந்தையைப் பிரிந்து இந்தியா திரும்பினார். மண்வெட்டி பிடிப்பது நல்லதுதான், ஆனால் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைக்கு அது மட்டும் போதுமா என்று நம் வீடுகளில் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர் மகனே. அந்தக் கேள்விக்குக் காந்தி சொன்ன பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

1913இல் பண்ணை கலைந்தது. அங்கே வாழ்ந்த பெண்கள், பெரும்பாலோர் தமிழர், சிலர் கைக்குழந்தையோடு, நேட்டால் எல்லை தாண்டி நியூகாசில் சுரங்கத் தொழிலாளரிடம் போய் வேலைநிறுத்தத்தைத் தூண்டினார்கள். மூன்று மாதக் கடுங்காவல் பெற்றார்கள். பிள்ளைகளில் சிலர் பீனிக்ஸ் குடியிருப்புக்குப் போனார்கள். பீனிக்ஸ் பிள்ளைகள் பின்னர் இந்தியா வந்து சாந்திநிகேதனில் தங்கினார்கள். 1915 மார்ச் 10இல் காந்தியின் யோசனைப்படி சாந்திநிகேதன் மாணவர்களும் சமையல், துப்புரவு எல்லாவற்றையும் தாங்களே செய்தார்கள்; அந்த நாளை அங்கே இன்றும் காந்தி புண்யாஹம் என்று கொண்டாடுகிறார்கள்.

1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் தாய்மொழிக் கல்வியும் கைத்தொழிலும் சேர்ந்த ஆதாரக் கல்வித் திட்டம் பிறந்தது. அதை நடத்த அமைந்த இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளர் ஆரியநாயகம் யாழ்ப்பாணத் தமிழர். மனைவி ஆஷா தேவியுடன் சேவாகிராமத்திலேயே குடியிருந்து அவர் அந்தப் பள்ளியை நடத்தினார். இடையில் நின்றுபோன அந்தக் கல்வி, 2005இல் ஆனந்த நிகேதன் என்ற பெயரில் அதே வளாகத்தில் மறுபடி தொடங்கியது. அங்கே பிள்ளைகள் தோட்டவேலையும் செய்கிறார்கள். நாக்பூரிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடலாம்.