வட்டக்களரியும் கூத்துப் பாட்டும்: மட்டக்களப்பு அரங்கின் வடிவ மாற்றம்

கட்டடக்கலைக்கும் இலக்கியத்துக்கும் உள்ள உறவை ஆராயப் புகுந்தோர் பெரும்பாலும் கற்கோயில்களையும் அவற்றைப் பாடிய பதிகங்களையுமே நாடியுள்ளனர். மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் வேறு வகையான சான்று தருகிறது. வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை நோக்கிச் செல்லும் கரையோரச் சாலையில் காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என அடுத்தடுத்து வரும் ஊர்ப்பகுதி, கடலோர வேடர் மரபு வாழும் பகுதி. அம்மரபின் சடங்குகளுக்குத் தடியும் குழையும் கொண்டு கட்டிய பந்தல் போதும். சடங்கு முடிந்ததும் பந்தல் போய்விடும். பாட்டு நினைவில் நின்று அடுத்த சடங்குக்கு வரும். வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வளர்ந்த கூத்துக்கும் இத்தகைய நிலையற்ற கட்டுமானமே இடமளித்தது. அக்கட்டுமானம் கூத்துப் பாட்டின் அமைப்பையும் அளவையும் வகுத்தது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

தமிழில் அரங்கமைப்பைப் பேசும் தொன்மையான பகுதி சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. 24 விரல் கொண்ட கோலால் அளந்து, 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அது அரங்கை வகுக்கிறது. இரு வாயில்களும் மூவகை எழினிகளும் அதில் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அந்தக் காதையின் இசைச் செய்திகளை அடித்தளமாகக் கொண்டே 1947இல் 'யாழ் நூல்' வெளியிட்டார். கண்ணகி கதையோ அதற்கு முன்பே இக்கரையில் வேரூன்றியிருந்தது. வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்து, கலியாணக்கால் நட்டு, குளிர்த்திச் சடங்கு வரை கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. அப்பாடலை வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். ஆனால் சிலப்பதிகார ஆசிரியர் இளங்கோவின் கதை நிலைத்த இக்கரையில், அவர் அளந்து காட்டிய நீள்சதுர அரங்கைக் கூத்தர் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வட்டத்தில் ஆடினர்.

ஊர்வெளியில் மண்ணிட்டு உயர்த்திய வட்டமே களரி. சுற்றிலும் கம்புகள் நட்டு அலங்கரிப்பர். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரும் மத்தளகாரரும் பிற்பாட்டுக்காரரும் களரிக்குள்ளேயே நிற்பர். கூத்தர் சுற்றிவந்து ஆடுவர். சனம் நான்கு பக்கமும் இருக்கும். இங்கேதான் பாட்டின் வடிவம் பிறக்கிறது என்பேன். ஒரு பக்கத்தாருக்கு முகம் காட்டும் கூத்தர் மறுபக்கத்தாருக்கு முதுகு காட்டியாக வேண்டும். அவர் திரும்பி வரும்வரை அதே அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏந்திப் பாடுகின்றனர். எனவே தரு எனும் கூத்துப் பாட்டு, திரும்பத் திரும்பப் பாடத்தக்க சிறு அடிகளால் ஆனது. ஏட்டில் படிப்பவருக்குக் கூறியது கூறலாகத் தோன்றும் பகுதி களரியில் ஒரு முழுச் சுற்று. ஓவியத் திரை இல்லாத இடத்தில் அரண்மனையா, காடா, போர்க்களமா என்று பாட்டே சொல்லியாக வேண்டும். வெள்ளைத் துணி மறைவிலிருந்து வெளிப்படும் அரசன் தான் யார் என்பதையும் தன் பெருமையையும் வரவுத் தருவில் நீளப் பாடுவதும் இதனால்தான். கூத்தின் இரு வகைகளில், போர்க் கதைகளை ஆடும் வடமோடிக்கும் தென்மோடிக்கும் ஆட்டத்திலும் உடையிலும் வேறுபாடு பெரிது. களரியின் இந்த நியதி இரண்டுக்கும் பொது.

1962இல் இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'அலங்காரரூபன் நாடகம்' என்ற தென்மோடிக் கூத்தை அச்சேற்றினார். அதே ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். ஊர்க் கலை ஒன்றுக்குக் கற்றோர் அவையில் மதிப்புத் தேடித் தந்த அவரது பணிக்கு ஈழத் தமிழர் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் அம்மேடை மூன்று பக்கமும் அடைத்தது. ஒரே திசையிலிருந்து பார்ப்போருக்குச் சுற்றிவரும் ஆட்டம் வேண்டியதில்லை; ஒளி வந்ததும் இடத்தைச் சொல்லும் பாட்டும் மிகையாயிற்று. விடியும்வரை நடந்த கூத்து ஓரிரு மணி நேர அளவுக்குச் சுருங்கியது. நேரமின்மையைக் காரணம் காட்டுவது வழக்கம். மேடையின் வடிவமே பாதிப் பாட்டை வேலையற்றதாக்கிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மேடை மரபில் வளர்ந்த 'இராவணேசன்' புதிதாக எழுதிய கூத்து. அதில் இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை விரிவாக ஆராய்ந்தார். இராவணேசனில் பாத்திரத்தின் மனப்போராட்டம் முன்னுக்கு வந்தது. ஒற்றை முகப்பு மேடை அதற்கு வாய்ப்பானது. இங்கு ஒன்றை இழந்து இன்னொன்றைப் பெற்றிருக்கிறோம்.

சி. ஜெயசங்கர் மட்டக்களப்பின் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் ஊர்மக்களோடு களரிக்கே திரும்பியது. அங்கு பழைய கூத்துக் கொப்பியைத் திருத்தும் உரிமை ஆடுவோருக்கும் பார்ப்போருக்கும் கிடைத்தது. பாடபேத ஆய்வுக்கு இது முக்கியமானது: கூத்துக் கொப்பிகளில் நீளும் இடங்களையும் சுருங்கும் இடங்களையும் ஏடெழுதியோரின் பிழையென ஒதுக்குமுன், அந்தக் கொப்பி வட்டக்களரிக்கா மேடைக்கா எழுதப்பட்டது என்று பதிப்பாசிரியர் முதலில் கேட்க வேண்டும். களரியின் அமைப்பையும் கூத்தர் சுற்றிவரும் முறையையும் வரைந்து பாட்டுடன் சேர்த்து வெளியிட்டால், அச்சில் விடுபட்டுப்போன பாதி வாசகருக்குக் கிடைக்கும்.