ஏரிக்குள் இறங்கிய வீடுகள்: சென்னையில் தளப்பரப்புக் குறியீட்டின் கதை

மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தின் லேக் ஏரியா, முகப்பேரின் ஏரித் திட்டம் ஆகிய மூன்று முகவரிகளிலும் ஏரி பெயரளவில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சென்னையின் நீர்நிலைகள் மறைந்ததற்கு ஆக்கிரமிப்பையும் பேராசையையும் காரணம் காட்டுவது வழக்கம். அது பொய்யல்ல, ஆனால் பாதிக் கதை. ஒரு தெருவில் எவ்வளவு கட்டலாம் என்று வரையறுத்த விதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் மறுபாதி தெரியும். அந்த விதிகள் நகரில் வீடுகள் பெருகுவதை நிறுத்தவில்லை, பெருகும் இடத்தை மாற்றின என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் விரிவாக்கம் அரசின் கையாலேயே நடந்தது. 1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் லாங் டேங்க் எனப்பட்ட நீண்ட ஏரியின் நீர் வடிக்கப்பட்டு, அதன் படுகையில் தியாகராய நகர் எழுந்தது. அகலமான சாலை, பூங்கா, தோட்டத்துடன் கூடிய தனிவீடு என்பதே அன்றைய இலட்சியம். பின்னர் வந்த வீட்டுவசதி வாரியமும் ஏரிப் படுகைகளை மனைகளாக்கியது. திட்டத்தின் பெயரிலேயே ஏரியை வைத்த வெளிப்படைத்தன்மையைப் பாராட்டத்தான் வேண்டும். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்துக்கும் 1975-இன் முதல் முழுமைத் திட்டத்துக்கும் பிறகு, கட்டுப்பாடு தளப்பரப்புக் குறியீடு என்ற எண்ணுக்குள் அடங்கியது. எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டி மனையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அது, பேச்சுவழக்கில் எஃப்.எஸ்.ஐ. 2008-இல் இரண்டாம் முழுமைத் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதும் சாதாரண அடுக்குமாடிக்கு அது 1.5-தான். ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், 3,600 சதுர அடிக்கு மேல் கட்ட முடியாது. 900 சதுர அடி வீடாக நான்கு, அவ்வளவே.

மக்கள்தொகைக் கணக்கு இதன் விளைவைக் காட்டுகிறது. 2001-க்கும் 2011-க்கும் இடையே பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 70 லட்சத்திலிருந்து 86 லட்சத்தைத் தாண்டியது. பழைய மாநகராட்சி எல்லைக்குள் அது 43 லட்சத்திலிருந்து 46 லட்சமாக மட்டுமே உயர்ந்தது. புதிதாகச் சேர்ந்த 16 லட்சம் பேரில் 13 லட்சம் பேர் எல்லைக்கு வெளியே. பழைய மாமல்லபுரம் சாலையின் மென்பொருள் நிறுவனங்களும் திருப்பெரும்புதூரின் தொழிற்சாலைகளும் இழுத்ததால்தான் மக்கள் வெளியே போனார்கள் என்று மறுக்கலாம். வேலையைத் தேடிப் போனவர்கள் உண்டு. ஆனால் நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு இந்த விளக்கம் பொருந்தாது. அவர்களின் பிழைப்பு நகருக்குள் இருந்தது; வீடு மட்டும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பக்கம் போயிற்று.

வெளியே போகாதவர்களுக்கு நகருக்குள்ளேயே இன்னொரு வழி இருந்தது: விதியை மீறிக் கட்டுவது. அனுமதிக்கு மேல் ஒரு மாடி, பக்க இடைவெளியை விழுங்கிய சுவர், வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குடித்தனம். இவை பெருகியதால், 1999 பிப்ரவரி வரையிலான மீறல்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த 113-ஏ என்ற பிரிவு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் நுழைந்தது. 2000-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவை ஏற்றது. அரசு தனித்தனியாக அளித்திருந்த விலக்கு ஆணைகளை மட்டும் ரத்து செய்தது. 2012-இல் 113-சி வந்தது. இம்முறை 2007 ஜூலை வரை கட்டியவற்றுக்கு. கட்டுமான வணிகர்களின் செல்வாக்கு என்று இதைச் சுருக்கிவிடுவோர் உண்டு. செல்வாக்கு இல்லாமலில்லை. ஆனாலும், மன்னிப்பதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை சட்டத்தையே திருத்த வேண்டியிருந்த ஒரு விதி, நகரத்தின் தேவையைத் தவறாக அளந்தது என்று கொள்வதே பொருத்தம்.

2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் குறியீட்டை 2 ஆக்கின. 18 மீட்டர் அகலச் சாலையை ஒட்டிய உயர்மாடிக் கட்டடத்துக்கு 3.25. இதற்கு மேல் பணம் கட்டிப் பெறும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யும் சாலை அகலத்தைப் பொறுத்தது. இதனால் மனை விலைதான் ஏறும் என்ற ஆட்சேபம் கணக்குப்படியே வலுவானது. 1.5-இல் ஒரு சதுர அடி வீட்டுக்கு மூன்றில் இரண்டு சதுர அடி மண் வேண்டும். 2-இல் அரை சதுர அடி போதும். மனை விலை மூன்றில் ஒரு பங்கு ஏறிவிட்டால் வாங்குபவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் சலுகை சில சாலைகளுக்கு மட்டும் கிடைக்கும்போதுதான் அந்தச் சாலைகளின் மண்ணுக்குக் கிராக்கி கூடுகிறது. பரவலாகக் கிடைத்தால் எந்த ஒரு மனைக்காரருக்கும் பேரம் பேசும் பலம் அவ்வளவு இருக்காது. ஆகவே இந்த ஆட்சேபம் குறியீட்டை உயர்த்துவதற்கு எதிரானதல்ல, அதைச் சாலை அகலத்தோடு கட்டிப்போடுவதற்கு எதிரானது.

தீயணைப்பு வண்டி நுழையாத சந்தில் பத்து மாடி கூடாது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அது உயரத்துக்கான தடை. திருவல்லிக்கேணியிலோ புரசைவாக்கத்திலோ மூன்று மாடிக்குள் நான்கு பெரிய வீடுகளுக்குப் பதில் ஏழு சிறிய வீடுகள் கட்டுவதற்கு அது தடையாக வேண்டியதில்லை. அங்கே குறுக்கே நிற்பது, வீட்டின் எண்ணிக்கையோடு ஏறும் வாகன நிறுத்தக் கணக்கு. குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் தாங்குமா என்ற கேள்விக்கு நேர்மையான பதில், இன்றுள்ள குழாய் பல தெருக்களில் தாங்காது என்பதே. ஆனால் புதிய குழாய் எப்படியும் போட்டாக வேண்டும். மயிலாப்பூரில் இருப்பதைப் பெரிதாக்குவதா, சதுப்பு நிலத்தின் ஓரம்வரை நீட்டிவிட்டு ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் அங்கே படகு விடுவதா என்பதுதான் தேர்வு. பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்கு வாங்கும் கட்டணத்தை, அந்தக் கட்டடம் நிற்கும் தெருவின் குழாய்களுக்கே செலவிட வேண்டும் என்று விதித்தால் முதல் வழிக்கான பணத்தில் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.