டிஎம்ஏஓ எதை அளக்கிறது? தமனித் தடிப்பில் குடல் நுண்ணுயிரிகளின் பங்கு குறித்து ஒரு மறுவாசிப்பு

2013இல் கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்ட கட்டுரை, தமனித் தடிப்பில் குடல் நுண்ணுயிரிகளுக்குப் பங்குண்டு என்பதற்குத் தலையாய மனிதச் சான்றாக இன்றும் காட்டப்படுகிறது. அதன் தரவுகளில் நான் குறை காணவில்லை. தரவுகளிலிருந்து பின்வந்தோர் பெற்ற முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. அக்கட்டுரைக்குள் இரண்டு தனி ஆய்வுகள் உள்ளன. இரண்டுக்கும் நடுவே நிற்பது சிறுநீரகம் என்பதும், பரவலான வாசிப்பு அதைத் தாண்டிச் சென்றுவிட்டது என்பதும் இங்கு என் வாதம்.

முதல் ஆய்வில் உடல்நலமுள்ள 40 பேர் வேகவைத்த இரண்டு முட்டைகளோடு, டியூட்டீரியத்தால் அடையாளமிட்ட பாஸ்ஃபாடிடைல்கோலினையும் உட்கொண்டனர். இரத்தத்தில் டிஎம்ஏஓ (ட்ரைமெத்தில் அமீன் என்-ஆக்சைடு) ஏறியது. அவர்களில் சிலருக்கு ஒரு வாரம் மெட்ரோனிடசோலும் சிப்ரோஃப்ளாக்சசினும் கொடுத்தபின் அதே சோதனையைச் செய்தபோது அது அநேகமாக மறைந்தது. மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது மீண்டும் தோன்றியது. குடல் நுண்ணுயிரிகள் கோலினிலிருந்து ட்ரைமெத்தில் அமீனைப் பிரிக்கின்றன, கல்லீரலின் எஃப்எம்ஓ3 நொதி அதை டிஎம்ஏஓவாக மாற்றுகிறது என்பதற்கு இதைவிடத் துலக்கமான மனிதச் சான்றை எதிர்பார்க்க முடியாது.

இரண்டாம் ஆய்வின் ஆட்கள் வேறு: கொரோனரி ஆஞ்சியோகிராம் செய்துகொள்ள வந்த 4,007 நோயாளிகள். மூன்றாண்டுக் கண்காணிப்பில், டிஎம்ஏஓ மிகுந்திருந்த கால்பங்கினருக்கு, குறைந்திருந்த கால்பங்கினரைவிட மரணம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் ஆபத்து 2.54 மடங்கு (95% நம்பக இடைவெளி 1.96 முதல் 3.28).

பரவலான வாசிப்பு இவ்விரண்டையும் நேராகக் கோத்துவிடுகிறது: நுண்ணுயிரி உண்டாக்குகிறது, உண்டான பொருள் மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு மிகுகிறது, ஆகவே நுண்ணுயிரியே மூலம். ஆனால் முதல் ஆய்வு அளந்தது உற்பத்தியை. இரண்டாவது அளந்தது வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் எஞ்சியிருந்த அளவை. எஞ்சுவது எவ்வளவு என்பதை உற்பத்தி மட்டும் தீர்மானிப்பதில்லை, கழிவின் வேகமும் தீர்மானிக்கிறது. டிஎம்ஏஓ வெளியேறும் முதன்மை வழி சிறுநீர். டயாலிசிஸ் நோயாளிகளிடம் அதன் அளவு நலமானவர்களைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருப்பதை இத்துறையில் எல்லோரும் அறிவர். கிளீவ்லாந்துத் தொகுதியிலோ மேல் கால்பங்கின் வாசல் லிட்டருக்குச் சுமார் 6.2 மைக்ரோமோல், கீழ்க் கால்பங்கின் வாசல் 2.4. இரண்டுக்கும் இடையிலுள்ள சுமார் இரண்டரை மடங்கு வேறுபாட்டில் பெரும்பகுதியை உண்டாக்கச் சிறுநீரகம் முழுதும் பழுதாக வேண்டியதில்லை. இதய நோயுள்ள முதியவர்களிடம் சாதாரணமாகக் காணும் மிதமான சரிவே போதுமானது.

சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கில் சேர்த்துத் திருத்திய பின்னும் தொடர்பு நிலைத்தது என்பது உடனே எழும் மறுப்பு. கனமான மறுப்புதான். இருந்தும், திருத்தத்துக்குப் பயன்பட்டது கிரியேட்டினினை வைத்துக் கணித்த வடிகட்டல் வீதம். டிஎம்ஏஓ வடிகட்டலால் மட்டும் வெளியேறுவதில்லை. நுண்குழல் செல்கள் ஓசிடி2 முதலான கடத்திப் புரதங்கள் வழியே அதை முனைந்து சிறுநீருக்குள் தள்ளுகின்றன. நுண்குழல்களின் சேதத்தைக் கிரியேட்டினின் சூத்திரம் அரைகுறையாகவே காட்டும். தசை இழந்த முதியவரிடம் அது வடிகட்டலையே மிகைப்படுத்திக் காட்டும். இப்படிப்பட்ட அளவுகோலால் திருத்திய பின் மிஞ்சும் தொடர்பைக் குடலின் கணக்கில் வரவு வைப்பது அவசரம்.

இதற்கு வலுச் சேர்க்கும் இன்னொன்று உண்டு. அது போதிய கவனம் பெறவில்லை என்று நினைக்கிறேன். ஒரே மனிதரிடம் ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரு மாதிரிகளின் டிஎம்ஏஓ அளவுகள் தமக்குள் சரிவர ஒத்துப்போவதில்லை. முந்தைய நாள் உணவும் நுண்ணுயிர்களின் அன்றாட ஏற்றத்தாழ்வும் உற்பத்தியை அலையவைக்கின்றன. அத்தகைய ஒற்றை மாதிரி மூன்றாண்டுக்குப் பின்வரும் மரணத்தை முன்னறிவிக்கிறதென்றால், அந்த அளவுக்குள் அலையாத கூறு ஒன்று இருந்தாக வேண்டும். நாளுக்கு நாள் மாறாமல், ஆண்டுக்கு ஆண்டு மெல்லச் சரிவது கழிவுத் திறன்தான். நிலையான குடல் தொகுதி உடையோரும் இருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. எனினும் சான்றின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்கு ஐயம் குறைவு.

வெளிச் சான்றுகளும் அத்திசையையே காட்டுகின்றன. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியதும் டிஎம்ஏஓ பெருமளவு இறங்கி இயல்பை நெருங்குகிறது. அறுவையின்போது தரும் ஆன்டிபயாடிக்கும் நோயெதிர்ப்பு அடக்கிகளும் குடலைக் குலைக்கவே செய்யும் என்றாலும், புதிய குடல் யாருக்கும் பொருத்தப்படுவதில்லை. அமெரிக்காவின் கார்டியா ஆய்வில், சிறுநீரகம் பெரும்பாலும் நலமாயிருக்கும் 33 முதல் 55 வயது வரையிலான 817 பேரிடம், பத்தாண்டில் கொரோனரித் தமனிச் சுண்ணப் படிவுக்கும் டிஎம்ஏஓவுக்கும் தொடர்பே தென்படவில்லை. மரபணு மாறுபாடுகளைக் கருவியாக்கி 2019இல் நடந்த மெண்டலிய ஆய்வு, நீரிழிவும் சிறுநீரக நோயும் டிஎம்ஏஓவை உயர்த்துவதற்குச் சான்று கண்டது; டிஎம்ஏஓ கொரோனரி நோயை விளைவிப்பதற்குக் காணவில்லை.

பிறகு மீன். கடல்மீனில் டிஎம்ஏஓ உருவாகியே இருக்கிறது. மீன் கெடும்போது எழும் கவிச்சி வாடை அது சிதைந்து வரும் ட்ரைமெத்தில் அமீனுடையது. உண்டவுடன் நுண்ணுயிரியின் உதவியின்றியே அது இரத்தத்தில் ஏறுகிறது. முட்டை, மாட்டிறைச்சியைவிட மீன் உண்டபின் இரத்த அளவு பல பத்து மடங்கு உயர்வதை 2017இல் இளைஞர்களிடம் நடந்த உணவுச் சோதனை காட்டியது. அந்த மூலக்கூறே தமனியைப் பாழாக்குமானால் மீனுண்போரிடம் இதய நோய் மிகுந்திருக்க வேண்டும்; மக்கள்தொகை ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. மீனின் ஒமேகா கொழுப்பு தீமையை ஈடுகட்டுகிறது என்பார்கள். எதையும் விளக்கிவிடக்கூடிய அந்த விளக்கத்தை நான் பொருட்படுத்தவில்லை.

எலி ஆய்வுகளை முன்வைப்போருக்கு ஒரு சொல். 2011இல் ஏபோஇ மரபணு நீக்கிய எலிகளிடம் கோலின் உணவு படிவைப் பெருக்கியது உண்மை. ஸ்வீடனில் அதே வகை எலிகளைக் கொண்டு நடந்த 2018 ஆய்வில் கோலின் டிஎம்ஏஓவை உயர்த்தியும் படிவின் பரப்பு மாறவில்லை. டிஎம்ஏஓவே சிறுநீரகத்தைத் தழும்பாக்குகிறது என்னும் எலிச் சான்று மட்டும் சற்று நெருடுகிறது. ஆனால் அங்கே ஊட்டப்பட்ட அளவுகள் மனித இரத்தத்தின் 6 மைக்ரோமோலுக்கு வெகு தொலைவில் உள்ளவை.

இவற்றால் நுண்ணுயிரிகளுக்குத் தமனித் தடிப்பில் பங்கே இல்லை என்று ஆகிவிடாது. வாய்வாழ் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் தடயங்கள் தமனிப் படிவுக்குள்ளேயே கிடைத்திருக்கின்றன. குடலில் உருவாகும் இமிடசோல் புரோப்பியோனேட் குறித்த 2025ஆம் ஆண்டு ஆய்வும் தனியே ஆராயத் தக்கது. ஆனால் அந்த வழிகள் டிஎம்ஏஓவின் தோளில் ஏறி வரக்கூடாது. கோலினை உடைக்கும் நுண்ணுயிர் நொதியைத் தடுக்கும் மருந்துகளை மனிதரிடம் சோதிக்க முனைவோர், முதலில் ஒரே நபரின் 24 மணி நேரச் சிறுநீரிலும் இரத்தத்திலும் டிஎம்ஏஓவை அளந்து, உற்பத்தியையும் கழிவையும் தனித்தனியே பிரிக்கட்டும். வடிகட்டலைச் சூத்திரத்தால் கணிக்காமல் ஐயோஹெக்சால் என்னும் தடப்பொருளைக் கொண்டு நேராக அளக்கட்டும். சிறுநீரில் வெளியேறும் மொத்தம் மாரடைப்பை முன்னறிவித்தால் என் வாசிப்பு வீழும். இரத்த அளவு மட்டுமே முன்னறிவித்தால், 4,007 பேரிடம் அளக்கப்பட்டது பெரும்பாலும் சிறுநீரகம்.