செல்வமும் மதிப்பும்

அர்ச்சுனா நதிக்கரையிலுள்ள ஆனைக்குட்டத்தில் சென்ற திங்கள் நம்மவர் சிலர் அளவளாவுகையில், கல்லூரி மாணாக்கர் ஒருவர், "கையிற் பொருள் சேர்ந்தால் ஊரில் மதிப்புந் தானே வாராதோ?" என வினவினார். சமூக சாஸ்திரிகள் நெடுங்காலம் வாதிட்ட வினா இது. உற்பத்திச் சாதனங்கள் எவர் வசமுள்ளன என்பதே சமூகத்தின் அடிப்படை என்றார் கார்ல் மார்க்ஸ். பொருள்நிலை வேறு, பிறர் அளிக்கும் மதிப்பு வேறு. இரண்டும் ஒருசேர வரவேண்டுமென்னும் நியதியில்லை என்றார் ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர்.

நம் முன்னோர் சரித்திரம் வெபருக்கே சாட்சி பகர்கின்றது. சிவகாசி, விருதுபட்டி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களிற் பேட்டை அமைத்து, மகமை தண்டி, வாணிபத்தால் தழைத்த நாடார்களுக்கு ஆலயக் கதவு மட்டும் திறக்கவில்லை. 1897-ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்துட் புகுந்தோர்மீது பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். நம்மவர் தம்மை க்ஷத்திரியரென வாதாடினர். 1899-ல் கீழ்க்கோர்ட்டிலும், 1901-ல் சென்னை ஹைக்கோர்ட்டிலும், 1908-ல் லண்டன் பிரிவி கவுன்ஸிலிலும் தோல்வியே கிட்டிற்று. இடையே, 1899 ஜூன் மாதத்தில், சிவகாசிக் கலகம் மூண்டது. அந்நாட்களின் துயரத்தை வீடுதோறும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

கீழ்ப்படியிலுள்ள ஜாதியார் மேற்படியார் ஆசாரங்களைக் கைக்கொண்டு உயர முயல்வதற்கு 'சமஸ்கிருதமயமாதல்' எனப் பெயரிட்டவர் எம். என். ஸ்ரீநிவாஸ், குடகரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1952-ல் வெளிவந்தது. பூணூலும் பல்லக்கும் பூண்ட நம் முன்னோர்க்கும் இச்சொல் பொருந்துமென்பர் பலர். பொருந்தலாம்; ஆயினும் பூணூல் எந்தக் கோர்ட்டிலும் நம்மைக் காக்கவில்லை. காத்தது மகமையும் பிடியரிசியும். வீட்டுக்கு வீடு ஒதுக்கிய அவ்வரிசியைக் கொண்டு வளர்ந்ததே 1889-ல் விருதுபட்டியில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை. பெயரில் அப்பழைய கோரிக்கை இருந்தது மெய்தான். பிள்ளைகளுக்குப் பயன்பட்டதோ எழுத்தும் கணக்கும். காமராஜரும் அங்கே பயின்றவர்.

ஆலயக் கதவு எவ்வாறு திறந்தது? 1939 ஜூலை 8-ம் நாள் வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் சந்நிதிக்கு அழைத்துச் சென்றோர் அறுவர்: தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஐவர், ஆறாமவர் விருதுநகர் சண்முக நாடார். ஏனையோரினும் தாம் மேலானவர் என வாதிட்டுக் கமுதியில் இழந்ததை, மதுரையில் அவ்வேனையோருடன் நடந்து பெற்றனர் நம்மவர். க்ஷத்திரியப் பெருமை பேசும் நம் மேடைகளில் இந்நாள் நினைக்கப்படுவது அரிது.

இதனை ஆனைக்குட்டத்தில் உரைத்தபோது, இதுகாறும் வாய் திறவாதிருந்த முதியவர் ஒருவர், "அந்த ஐவர் வகுப்பிலிருந்து நம் வீட்டுக் கலியாணப் பந்திக்கு எத்தனை பேரை அழைக்கிறோம், தம்பி?" என்றார். மாணாக்கர் எம்மை நோக்கினார். நாம் விடை கூறவில்லை.